பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறதா?

ரயில் பயணச்சீட்டு முதல் மின் கட்டணம் வரை, கல்லூரி விண்ணப்பம் முதல் மருத்துவமனை முன்பதிவு வரை, வரிசையில் நின்று முடித்த வேலைகள் எல்லாம் இன்று ஒரு திரையில் முடிந்துவிடுகின்றன. அந்தத் திரையில் நம் பெயரையும் முகவரியையும் வங்கி அட்டை எண்ணையும் தயக்கமின்றி எழுதுகிறோம். முகவரிப் பட்டையில் சிறிய பூட்டுக் குறி தெரிந்தால் போதும், அந்தத் தளம் பாதுகாப்பானது என்று நெடுங்காலமாக நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

அந்தப் பூட்டுக் குறியை கூகுள் நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நீக்கியது பலர் கவனத்துக்கு வந்திருக்காது. மோசடித் தளங்களும் அதே பூட்டுக் குறியுடன்தான் வருகின்றன. அதன் உண்மையான பொருளை மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 2021-இல் அந்நிறுவனம் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 விழுக்காட்டினர் மட்டுமே அக்குறியின் பொருளைச் சரியாக அறிந்திருந்தனர்.

பூட்டுக் குறி உறுதி கூறுவது ஒன்றை மட்டுமே. நம் கைப்பேசிக்கும் அந்தத் தளத்தின் கணினிக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் எவரும் ஒட்டுப் பார்க்க முடியாது என்பதே அது. சாலைக்குக் காவல் உண்டு. சாலை சென்று சேரும் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அக்குறிக்கு எதுவும் தெரியாது. இன்றைய இணையத் திருட்டுகளில் ஒரு பெரும் பகுதி அந்த வீட்டுக்குள்தான் நடக்கிறது.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தில் 2018-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குத் தெளிவான சான்று. அந்நிறுவனத்துக்குப் பணிபுரிந்த ஒரு வெளி நிறுவன ஊழியரின் நுழைவு விவரங்களைப் பெற்ற திருடர்கள், அதன் வலையமைப்புக்குள் நுழைந்தார்கள். தரவுக் கிடங்கைச் சூறையாடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. இணையதளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் கடைசியில் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணி தன் அட்டை விவரங்களை எழுதிப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், அந்த விவரங்களின் நகல் ஒன்று வேறொரு முகவரிக்கும் சென்றது. அந்த முகவரியின் பெயர், விமான நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி எழுதியதைப் போலவே இருந்தது. அதற்கும் முறையான பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கப்பட்டிருந்தது. அதாவது, அங்கும் பூட்டு இருந்தது.

பயணிக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பயணச்சீட்டு கிடைத்தது, விமானமும் புறப்பட்டது. நிறுவனத்துக்கும் தெரியவில்லை. ஜூன் 22-இல் தொடங்கிய ஊடுருவல், செப்டம்பர் 5-இல் வெளியார் ஒருவர் சொன்ன பிறகே அதன் கவனத்துக்கு வந்தது. வாடிக்கையாளர்களும் ஊழியர்களுமாக சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம் பேரின் தகவல்கள் பாதிப்புக்குள்ளாகியிருக்கலாம் எனப் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கணக்கிட்டது. முதலில் 18 கோடி பவுண்டுக்கும் கூடுதலாக அபராதம் விதிக்க உத்தேசித்திருந்த அந்த அலுவலகம், நிறுவனத்தின் விளக்கங்களையும் கரோனா காலப் பொருளாதார நிலையையும் கருத்தில் கொண்டு 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இத்தனை பெரிய நிறுவனத்தை 22 வரிகள் எவ்வாறு வீழ்த்தின? இதற்கான விடை, வலைப்பக்கம் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எழுத்தும் படமும் மட்டும் நம் கணினிக்கு வருவதில்லை. இயங்கும் நிரல்களும் வருகின்றன. அந்த நிரல்களை உலாவி தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. தள உரிமையாளர் எழுதிய நிரல், விளம்பர நிறுவனத்தின் நிரல், வருகையாளர்களை எண்ணும் நிரல், எவரோ இலவசமாக வெளியிட்ட உதவி நிரல் என எல்லாமே, பக்கத்தில் நேரடியாகச் சேர்க்கப்பட்டுவிட்டால், ஒரே அதிகாரத்துடன் இயங்குகின்றன. பக்கத்தில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தையும் அவை படிக்கலாம், மாற்றலாம், வெளியே அனுப்பலாம். சமையலுக்கு வந்தவருக்கும், பூச்செடிக்கு நீரூற்ற வந்தவருக்கும், நாள்காட்டி மாட்ட வந்தவருக்கும் பெட்டகச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கும் வீட்டை ஒத்தது இது.

முகப்பு நிரலாக்கத்தின் பாதுகாப்புப் பாடங்கள் அனைத்தும் இந்த ஒரே உண்மையிலிருந்து கிளைப்பவை. அவை புதியவையும் அல்ல. அவற்றுள் மிகப் பழையது, பயனாளர் எழுதும் எழுத்தை எழுத்தாகவே நடத்த வேண்டும், கட்டளையாக மாற விடக்கூடாது என்பது. கருத்துரைப் பெட்டியில் ஒருவர் நிரல் வரிகளை எழுதிவிட்டுச் செல்கிறார். தளம் அதை அப்படியே அடுத்தவருக்குக் காட்டினால், அடுத்தவரின் உலாவி அதை எழுத்தாகக் காட்டாமல் கட்டளையாக ஏற்று இயக்கிவிடும். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று அழைக்கப்படும் இந்தக் குறை குறித்து அமெரிக்காவின் கணினி அவசரநிலை எதிர்வினை அமைப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

எச்சரிக்கையை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை 2005 அக்டோபர் காட்டியது. அன்று புகழின் உச்சியில் இருந்த மைஸ்பேஸ் சமூகத் தளத்தில், சாமி கம்கார் என்ற இளைஞர் தன் பக்கத்தில் சில வரிகளை எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் அவருக்கு நண்பர்களானார்கள்; அவர்கள் பக்கங்களிலும் அதே வரிகள் தாமாகவே ஏறிக்கொண்டன. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பக்கங்களில் அது பரவி, தளத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே மைஸ்பேஸ் வடிகட்டி நீக்கிவந்தது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அவர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரிகளாக எழுதினார்; வடிகட்டி ஏமாந்தது. தீயதைப் பட்டியலிட்டுத் தடுக்க முயல்வதைவிட, எல்லா உள்ளீட்டையும் வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுவதே சரியான வழி என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

இன்று ரியாக்ட் போன்ற நிரல் கட்டமைப்புகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துவிடுகின்றன. அதை மீறி, வந்ததை அப்படியே பக்கத்தில் செருக வேண்டுமானால், 'ஆபத்தான முறையில்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு கட்டளையை நிரலாளர் கைப்பட எழுத வேண்டும். அப்படியிருந்தும், வேலை முடிந்தால் போதும் என்று அதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கருவி பாதுகாப்பாக இருப்பது வேறு, அதைக் கையாள்பவர் கவனமாக இருப்பது வேறு.

இரண்டாவது பாடம், இரவல் நிரலைப் பற்றியது. 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கங்களை வாசித்துக் காட்டும் பிரவுசலவுட் என்ற சேவையின் கோப்பில் எவரோ கைவைத்தார்கள். அந்த ஒரே கோப்பை இரவல் வாங்கியிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள், தம்மைப் பார்க்க வந்தவர்களின் கணினிகளைக் கொண்டு மெய்நிகர் நாணயம் ஈட்டத் தொடங்கின. பிரிட்டன், அமெரிக்க அரசுத் தளங்களும் அவற்றுள் அடங்கும். பின்னாளில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அபராதம் விதித்த அதே தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நல்ல நோக்கத்துடன் சேர்த்த ஒரு வசதி, காவலரின் வீட்டுக்கே திருடனை அழைத்து வந்தது.

2024-இல் நடந்தது இன்னும் கவலைக்குரியது. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஈடுசெய்வதற்காக உருவான பாலிஃபில் என்ற சேவையை உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்தி வந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் இணைய முகவரி ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதை உடனே நீக்கிவிடுங்கள் என்று அந்தச் சேவையை முதலில் உருவாக்கியவரே பொதுவெளியில் எச்சரித்தார். ஜூன் மாதத்தில், அந்த முகவரியிலிருந்து வந்த நிரல் கைப்பேசிப் பயனாளர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவது அம்பலமானது. குறிப்பிட்ட கைப்பேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அது தன் வேலையைக் காட்டியது. தளத்தின் நிர்வாகி வந்தால் அடங்கி இருந்தது. இங்கே எவரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வாசலில் நின்ற காவலாளியின் முதலாளி மாறினார், அவ்வளவுதான்.

கடந்த 2025 செப்டம்பரில், என்பிஎம் என்னும் நிரல் கிடங்கில் வாரந்தோறும் மொத்தம் 200 கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்படும் 18 தொகுப்புகளில் நச்சு வரிகள் கலந்தன. அவற்றைப் பராமரித்தவருக்கு, கிடங்கு நிர்வாகமே அனுப்பியதைப் போல ஒரு போலி மின்னஞ்சல் வந்தது, அவர் ஏமாந்தார். சில மணி நேரத்துக்குள் அது கண்டறியப்பட்டதால் இழப்பு குறைந்தது. ஆனால், உலகின் பெரு நிறுவனங்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடித்தளக் கற்கள் பலவற்றை ஊதியமில்லாத் தன்னார்வலர்கள் தாங்கி நிற்கிறார்கள் என்பதும், அவர்களில் ஒருவர் அயர்ந்த ஒரு கணம் போதும் என்பதும் மீண்டும் வெளிப்பட்டன.

இவற்றுக்கு மருந்து இல்லாமல் இல்லை. இரவல் கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டைப் பக்கத்திலேயே பதிந்து வைத்தால், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்க மறுத்துவிடும். இந்த வசதி 2016-இலேயே இணையத் தர நிர்ணய அமைப்பின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் எந்தெந்த முகவரிகளின் நிரல்கள் இயங்கலாம், எந்தெந்த முகவரிகளுக்குத் தகவல் போகலாம் என்று உலாவிக்கு ஒரு பட்டியலைத் தருவது உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை எனப்படும். அப்படியொரு கண்டிப்பான பட்டியல் இருந்திருந்தால், பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயணிகளின் அட்டை எண்கள் அந்நிய முகவரிக்குப் புறப்பட்டபோதே தடுக்கப்பட்டிருக்கலாம். குறைந்தபட்சம் ஓர் எச்சரிக்கையாவது வந்திருக்கும். நுழைவு அடையாளத்தைத் தாங்கும் குக்கீயை நிரல்களின் கண்ணுக்குப் படாமல் வைக்க ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். உலாவிக்கு அனுப்பப்பட்ட எதுவும் ரகசியமாக இராது, உலாவியில் செய்த சரிபார்ப்பை நம்பாமல் வழங்கிக் கணினியில் மறுமுறை சரிபார்க்க வேண்டும் என்பவை முதல் ஆண்டு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கக்கூடியவை.

தெரிந்திருந்தும் ஏன் செய்யப்படுவதில்லை? இணையதளம் உருவாக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்கு நானும் விடை சொல்லக் கடமைப்பட்டவன். ஒருமுறை, ஒரு விற்பனைத் தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தில் எத்தனை வெளியார் நிரல்கள் இயங்குகின்றன என்று கணக்கெடுத்தோம். விளம்பரப் பிரிவு சேர்த்தவை, விற்பனைப் பிரிவு கேட்டவை, முன்பு பணியாற்றியவர்கள் விட்டுச் சென்றவை எனப் பட்டியல் நீண்டது. அவற்றில் ஒன்று, ஒப்பந்தம் முடிந்துபோன ஓர் உரையாடல் பெட்டிச் சேவையினுடையது. பெட்டி திரையில் தெரியவில்லை. நிரல் மட்டும் நாள்தோறும் வந்து இயங்கிக்கொண்டிருந்தது. நீக்கினால் வேறு ஏதேனும் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் எவரும் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அடுத்த வாரம் பண்டிகைக்காலத் தள்ளுபடி விற்பனை தொடங்கவிருந்தது.

அறியாமையைவிடக் கணக்கே இங்கு பெரிய காரணம். புதிய வண்ணமும் வேகமும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்; அவற்றுக்குப் பணம் கிடைக்கும். நடக்காமல் தடுக்கப்பட்ட திருட்டு எவர் கண்ணுக்கும் தெரியாது. திருட்டு நடந்தாலும், முதலில் இழப்பவர் தள உரிமையாளர் அல்லர், அட்டையின் சொந்தக்காரர். அவருக்கோ தன் எண் எந்தப் பக்கத்தில் களவு போனது என்பதே தெரிவதில்லை. தவறு செய்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்ற நிலை நீடிக்கும் வரை எந்தப் பாடநூலும் பயன் தராது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. சிறிய நிறுவனங்களால் எல்லா நிரல்களையும் தாமே எழுத முடியாது. கட்டுப்பாட்டுப் பட்டியலைக் கடுமையாக்கினால் தளத்தின் பாதி வசதிகள் நின்றுபோகின்றன. நாளுக்கொரு பதிப்பு வரும் கோப்புக்குக் கைரேகை பதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்கிறார்கள். இந்தச் சிரமங்களில் உண்மை இருக்கிறது. எந்த ஒரு தடுப்பும் முழுமையானதும் அல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸில் மாற்றப்பட்டது அதன் சொந்தக் கோப்பு என்பதால், இரவல் கோப்புக்கான கைரேகை மட்டும் அங்கு உதவியிராது. ஆனால், தளம் முழுவதையும் கோட்டையாக்கும்படி எவரும் கேட்கவில்லை. நுழைவுப் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், அடையாள ஆவணங்களைக் கேட்கும் பக்கம் ஆகியவற்றிலாவது அந்தப் பணிக்குத் தேவையில்லாத நிரல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதற்குப் பணம் செலவாகாது. வேண்டாம் என்று சொல்லும் உறுதி மட்டுமே தேவை.

அட்டை நிறுவனங்கள் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுவிட்டன. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான உலகப் பாதுகாப்புத் தரம், பணம் செலுத்தும் பக்கத்தில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கணக்கு வைக்க வேண்டும், அது ஏன் தேவை என்று எழுதிவைக்க வேண்டும், அதில் மாற்றம் நேர்ந்தால் கண்டறிய வழி இருக்க வேண்டும் என்று 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022-லேயே ஆணையிட்டது. அட்டை எண்களை விற்பனைத் தளங்கள் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. ஆனால், அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யும் நொடியிலேயே நகலெடுக்கும் நிரலுக்குச் சேமிப்புக் கிடங்கு தேவையில்லை. நம்மைக் காக்கும் ஒற்றைமுறைக் கடவுச்சொல்லும் அதைக் கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் உதவாது. அட்டை எண்ணைத் தவிர்த்து நாம் எழுதும் முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்கும் உடல்நல விவரத்துக்கும் எந்தக் கடவுச்சொல்லும் காவல் இல்லை.

அரசுத் தளங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று தேவை என்ற விதி உண்டு, அது வரவேற்கத்தக்கது. ஆயினும், தணிக்கை ஒரு நாளின் நிலையைத்தான் சொல்லும். பாலிஃபில் நிகழ்வில் ஒரு லட்சம் தளங்களின் சொந்த வரிகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை; வெளியிலிருந்து வந்த கோப்பு மட்டுமே மாறியது. ஜனவரியில் சான்று பெற்ற தளம் ஜூனில் தன் பயனாளர்களைச் சூதாட்டத் தளத்துக்கு அனுப்பியிருக்கும். சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

எனவே, மக்கள் தகவலைக் கேட்டுப் பெறும் எந்தத் தளமும் அந்தப் பக்கத்தில் எவரெவர் நிரலை இயக்குகிறது என்ற பட்டியலைப் பராமரிக்க வேண்டும் என்பதை, 'நியாயமான நடவடிக்கை' என்ற சொற்றொடரின் பொருளாக ஒழுங்குமுறை அமைப்புகள் தெளிவுபடுத்த வேண்டும். அரசுத் துறைகள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில் தோற்றத்துக்கும் கெடுவுக்கும் தரப்படும் இடம் இதற்கும் தரப்பட வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் இணையப் பக்கம் உருவாக்கக் கற்பிக்கும் அதே வகுப்பில், அதை உடைத்துப் பார்க்கவும் கற்பிக்க வேண்டும். இறுதி ஆண்டில் விருப்பப் பாடமாக வரும் பாதுகாப்பு, கட்டி முடித்த வீட்டுக்கு அடித்தளம் போடுவதைப் போன்றது.

பயனாளர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது சிறிதே. வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தேவையில்லாதபோது நிறுத்தி வைக்கலாம். இணையப் பரிவர்த்தனைக்கு வரம்பு குறிக்கலாம். அட்டையின் கணக்கு விவரத்தை மாதந்தோறும் படிக்கலாம். அதற்கு மேல், எச்சரிக்கையாக இருங்கள் என்று அவரிடம் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயணிகள் சரியான முகவரிக்குத்தான் சென்றார்கள். பூட்டுக் குறியும் இருந்தது. அவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை.

நான் தொடாமல் விட்ட அந்த உரையாடல் பெட்டியின் நிரல் இன்னும் அந்தப் பக்கத்தில் இயங்குகிறதா என்பதை நான் அறியேன். அதன் உரிமையாளர் இப்போது யார் என்பதையும் அறியேன். இந்தக் கட்டுரையைப் படிக்கும் இணையதள நிர்வாகிகளிடமும் நிரலாளர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றே. இன்று உங்கள் தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்து, அதில் இயங்கும் வெளியார் நிரல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது யாருடையது, ஏன் இங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். விடை எழுத முடியாதவற்றை, நான் தள்ளிப்போட்டதைப் போலத் தள்ளிப்போடாமல், நீக்கிவிடுங்கள்.